மிளகுக்கு ஆகாத முந்திரி: ஒரு கிறிஸ்துமஸ் விபத்தும் அடுத்த ஆண்டு சுட்ட பிஸ்கட்டும்

மிளகு எங்கள் வீட்டு நாய். பெட்டை, நாட்டு இனம், உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. விபத்து நடந்தபோது வயது நான்கு, எடை 12 கிலோ. கருத்தடை செய்தாயிற்று, தடுப்பூசிகள் எல்லாம் நாள் தவறாமல் போட்டிருந்தோம். அதற்கு முன்பு ஒரு நாள்கூடச் சாப்பாட்டை வேண்டாம் என்றதில்லை.

நான் நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். டிசம்பர் வந்தால் சமையலறையில் மாவும் பழமும் தவிர வேறு எதற்கும் இடம் இருக்காது. 2023 டிசம்பர் 24 அன்று, என் கையால் செய்த பிளம் கேக்கைத் தின்றுதான் மிளகு சாகக் கிடந்தாள். அதனால் இதை எழுதும்போது யாரையும் குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த கிறிஸ்துமஸுக்கு என்ன மாற்றினோம் என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன். வீட்டில் நாயும் பண்டிகையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இது உதவும்.

அன்று மாலை

அந்த வாரம் தென்மாவட்டங்கள் முழுக்கப் பெருமழை. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தூத்துக்குடி வெள்ளக்காடாகி, அங்கிருந்து உறவினர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார்கள். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து என் கணவரின் பெரியப்பாவும் வந்திருந்தார். ஆக, வீட்டில் பதினாறு பேர். 24 ஞாயிற்றுக்கிழமை. கடைசி நான்கு கேக்குகளுக்கு மேல்பக்கத்தைச் சமமாக வெட்டி ஐசிங் போட்டுக்கொண்டிருந்தேன். வெட்டி எடுக்கும் ஓரங்களை ஒரு பாத்திரத்தில் போட்டுக் கூடத்தில் வைப்பது வழக்கம். பிள்ளைகள் எடுத்துத் தின்பார்கள்.

அன்று பாத்திரத்தைப் பெரியப்பா வராந்தாவுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார, மிளகு காலடியில் உட்கார, அவருக்கு ஒரு துண்டு, அவளுக்கு இரண்டு துண்டு. நாலரை மணிக்கு ஆரம்பித்து ஐந்து மணிக்குள் பாத்திரம் காலி.

ஐந்தே காலுக்கு உள்ளே வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மக்கா, பட்டிக்கு முந்திரின்னா உயிரு போல. ஒண்ணு விடாம தின்னுது.”

பட்டி என்றால் அவர் ஊரில் நாய். நான் மதுரைக்காரி. எனக்கு முந்திரி என்றால் முந்திரிப்பருப்பு. மேஜையில் வறுத்த முந்திரித் தட்டு ஒன்று இருந்தது. அதிலிருந்து நாலைந்து கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். உப்பில்லாத முந்திரிப்பருப்பு நாலைந்தால் ஒன்றும் ஆகாது, கொழுப்புதான் அதிகம். “போதும் பெரியப்பா, இனிமே கொடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு ஐசிங்கில் மூழ்கிவிட்டேன்.

அவர் ஊரில் முந்திரி என்றால் திராட்சை. முந்திரிப்பருப்பு அங்கே அண்டி. அதை உடைக்கும் ஆலைகூட அவர்களுக்கு அண்டியாபீஸ்தான். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பும் கிடையாது, திராட்சையும் கிடையாது. பாசிப்பயறு, வெல்லம், தேங்காய், எள். திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். கல்யாணமாகி வந்த ஆறு வருடத்தில் அந்தப் பண்டத்தை எத்தனையோ முறை செய்திருக்கிறேன், பெயரை மட்டும் யோசித்ததில்லை. நாய்க்குத் திராட்சை ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த ஒரு சொல்லில் மூன்று மணி நேரம் போனது.

ஏழரை மணிக்கு வைத்த சோற்றை மிளகு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே வாந்தி எடுத்தாள். பழுப்பு நிறக் கூழ். அதில் கறுப்பும் பொன்னிறமுமாக ஊறிப் பருத்த உலர்திராட்சைகள், ஒவ்வொன்றும் பழையபடி பழமாகிவிட்டது போல் உப்பி, தோல்கூடக் கிழியாமல் கிடந்தன. குனிந்து பார்த்த மாத்திரத்தில் பெரியப்பா சொன்ன முந்திரி எது என்று புரிந்துவிட்டது.

எடை போடும் பழக்கம் இருப்பதால் கணக்கு உடனே வந்தது. ஒரு கிலோ கேக்குக்கு நான் போடுவது 200 கிராம் உலர்திராட்சை, கறுப்பும் கிஸ்மிஸும் பாதிப் பாதி. ஆரஞ்சுச் சாற்றில் ஊற வைப்பதால் மது இல்லை. மிளகு தின்ற ஓரங்கள் ஏறக்குறைய கால் கிலோ. அதில் திராட்சை 50 கிராம். 12 கிலோ உடம்புக்கு, கிலோவுக்கு 4 கிராமுக்கு மேல். கிலோவுக்கு 3 கிராம் அளவிலேயே சிறுநீரகம் பழுதான நாய்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். விஷம் குடித்தவர்களுக்கு எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற வைத்தியத்தைத்தான் அவரும் செய்தார். ஒரு சொம்பில் புளியைக் கெட்டியாகக் கரைத்துக் கொண்டுவந்து, “வாயைப் பிடி, ஊத்திருவோம், மிச்சமும் வெளிய வந்துரும்” என்றார். நான் வாயைப் பிடிக்கவும் குனிந்துவிட்டேன். அதற்குள் நாங்கள் அழைத்திருந்த கால்நடை மருத்துவர் போனை எடுத்துவிட்டார். சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: “எதையும் ஊத்தாதீங்க. உப்புத் தண்ணியும் வேண்டாம். புளி வேண்டவே வேண்டாம். தூக்கிட்டு வாங்க.”

புளியை ஏன் அப்படி அழுத்திச் சொன்னார் என்பது மறுநாள்தான் புரிந்தது.

சிகிச்சை

ஞாயிறு இரவு, அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. பூட்டிய கிளினிக்கை எங்களுக்காகத் திறந்தார். மணி ஒன்பது. தின்று நான்கு மணி நேரம் தாண்டியிருந்தாலும், உலர்திராட்சை வயிற்றில் நெடுநேரம் தங்கும் என்பதால் ஊசி போட்டு மறுபடியும் வாந்தி எடுக்க வைத்தார். இன்னும் ஒரு கைப்பிடி வந்தது. பிறகு வாந்தி நிற்க மருந்து, முன்காலில் ஊசி குத்தி ட்ரிப்ஸ், ரத்தம் எடுத்தல்.

அன்றிரவு, சிறுநீரகத்தின் நிலையை ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் 1.1. நாய்க்கு அது இயல்பு. இதைப் பார்த்து நான் நிம்மதியடைந்தபோது மருத்துவர் தலையை ஆட்டினார். சிறுநீரகம் அடிபட்டது ரத்தத்தில் தெரிய ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை ஆகலாம். முதல் நாள் நல்ல எண்ணைப் பார்த்து வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர்கள்தான் மூன்றாம் நாள் திரும்பி வருவார்கள், அப்போது நாய் சிறுநீரே கழிக்காமல் இருக்கும் என்றார். சிறுநீர் நின்றுவிட்டால் பிழைப்பது கடினம்.

25 இரவு 1.6. 26 அன்று 2.2. அதுதான் உச்சம். மூன்று நாளும் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டே இருந்தது. நானும் என் கணவரும் மாறி மாறி உட்கார்ந்து, எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் என்று குறித்துக்கொண்டே இருந்தோம். 27 காலை 1.9 என்று இறங்க ஆரம்பித்தது. 30 அன்று 1.4. ஜனவரி நடுவில் 1.0. சிறுநீரகம் தேறிவிட்டது. எல்லா நாய்க்கும் இப்படித் தேறாது என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை.

பெரியப்பா அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சாப்பாட்டைத் தொடவில்லை. தினமும் கிளினிக் வாசலில் வந்து நிற்பார், உள்ளே வரமாட்டார்.

திராட்சையில் என்ன இருக்கிறது

திராட்சையால் நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர்கள் 2001-இல் எழுதினார்கள். அதற்குப் பிறகு இருபது வருடம் எது நஞ்சு என்றே பிடிபடவில்லை. பூச்சிமருந்தாக இருக்கலாம் என்றார்கள், பூஞ்சை நஞ்சாக இருக்கலாம் என்றார்கள். ஒரு நாய் ஒரு குலையைத் தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று நாலு பழத்தில் விழுந்துவிடும்.

முடிச்சு அவிழ்ந்தது அடுக்களையில்தான். பிள்ளைகள் விளையாட வீட்டில் பிசைகிற களிமாவு தெரியுமல்லவா? மாவு, உப்பு, தண்ணீரோடு கிரீம் ஆஃப் டார்ட்டரும் சேர்ப்பார்கள். அந்த மாவைத் தின்ற நாய்க்குத் திராட்சை தின்ற நாய்க்கு வருவது போலவே சிறுநீரகம் பழுதானது. கிரீம் ஆஃப் டார்ட்டர் என்பது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசிய உப்பு. திராட்சையின் முக்கியமான அமிலமும் டார்டாரிக்தான். அதே மையத்தின் மருத்துவர்கள் 2021-இல் இந்த இரண்டையும் இணைத்து எழுதினார்கள். பழத்தின் ரகம், பழுத்த பதம், விளைந்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும் அமிலத்தின் அளவு மாறுவதால்தான் ஒரு நாய் தப்பிப்பதும் ஒரு நாய் விழுவதும். பிறகு செல்களை வைத்துச் செய்த சோதனையில், இந்த அமிலத்தை வெளியே தள்ள மனிதச் சிறுநீரகச் செல்லில் இருக்கும் ஒரு கடத்திப் புரதம் நாயின் செல்லில் இல்லாததே காரணமாகத் தெரிந்தது. நமக்குப் பாயசத்தில் போடும் பழம், அதற்கு நஞ்சாவது இதனால்தான்.

2022-இல் வந்த அடுத்த கட்டுரையில் கிரீம் ஆஃப் டார்ட்டரோடு புளியும் இருந்தது. புளி தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு. புளியின் சதையில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்குவரை டார்டாரிக் அமிலம். அக்கா கொண்டுவந்த சொம்பில் இருந்தது மருந்தல்ல, மிளகு தின்ற அதே நஞ்சு, இன்னும் கெட்டியாக. அன்று போன் இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால் நானே அதை ஊற்றியிருப்பேன். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: நாய் எதைத் தின்றிருந்தாலும் புளித்தண்ணீர் கொடுக்காதீர்கள். உப்புத் தண்ணீரும் ரத்தத்தில் உப்பை ஏற்றி மூளையைப் பாதிக்கும், அதையும் கொடுக்காதீர்கள். ரசம் சோறு தின்று வளர்ந்த நாய்களைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரு கரண்டி ரசத்தில் இருக்கும் புளி கொஞ்சம்தான். ஆனாலும் நாங்கள் நிறுத்திவிட்டோம், அதில் பூண்டும் இருக்கிறதே.

தடை ஏன் வேலை செய்யவில்லை

எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது. “மிளகுக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது.” ஃப்ரிட்ஜ் கதவில் எழுதியே ஒட்டியிருந்தேன்.

பண்டிகை வீட்டில் அந்த விதிக்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் யோசித்தேன். வாசலுக்கு வருகிற கேரல் குழுவுக்குக் கேக், பால்காரருக்கு ஒரு பொட்டலம், அடுத்த தெரு வீடுகளுக்கெல்லாம் தட்டு. வீட்டுக்குள் காலடியிலேயே படுத்திருக்கும் ஒரு ஜீவனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. பெரியப்பா விதியை மறந்து கொடுக்கவில்லை. அவரிடம் பிறகு கேட்டபோது சொன்னார்: “எல்லாருக்கும் உண்டு, அதுக்கு மட்டும் இல்லியா? மனசு கேக்கல மக்கா.” அவர் செய்தது தவறுதான். ஆனால் அந்த மனசைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. அந்த மனசு இருக்கிற வரைக்கும், ஃப்ரிட்ஜில் ஒட்டிய காகிதம் தோற்கத்தான் செய்யும்.

இன்னொரு காரணமும் உண்டு. முந்தின வருடங்களிலும் யாராவது ஒரு விள்ளல் கேக் கொடுத்திருப்பார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆகாத வருடங்கள் தைரியத்தைக் கொடுத்துவிடுகின்றன.

அதனால் 2024-க்கு நான் எடுத்த முடிவு இதுதான்: கொடுக்கிற கையைத் தடுப்பதில்லை. அந்தக் கையில் எதை வைப்பது என்பதை மட்டும் நான் முடிவு செய்வேன். எங்கள் கேக்கில் அவளுக்குப் பங்கு கிடையாது. அவளுக்கென்று தனிப் பண்டம், அதே நாளில், அதே ஓவனில்.

மாவு

நவம்பரிலேயே ஆரம்பித்தேன். முதல் முயற்சி கோதுமை மாவு, வாழைப்பழம், கொஞ்சம் வெல்லம். மிளகு பறந்து பறந்து தின்றாள். ஆனால் வெல்லம் எதற்கு? இனிப்பு நமக்குத்தான் பண்டிகை. அதுவும் போக, உள்ளே ஈரம் நின்று, ஆறாம் நாள் டப்பாவைத் திறந்தால் இரண்டு பிஸ்கட்டில் வெள்ளையாகப் பூசணம். நாகர்கோவிலின் மழைக்கால ஈரத்தில் மெத்தென்ற பிஸ்கட் தாங்காது. மொத்தத்தையும் குப்பையில் போட்டேன். பூசணம் பிடித்ததைச் சுரண்டிவிட்டுக் கொடுப்பது கூடவே கூடாது, பூஞ்சை நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும்.

இரண்டாவது, முழுக்கக் கேழ்வரகு மாவு. கேழ்வரகில் பசைத்தன்மை கிடையாது. சப்பாத்திக் கட்டை பட்டதும் வாய்க்கால் வெடிப்பு மாதிரிப் பிளந்தது. எப்படியோ தட்டிச் சுட்டெடுத்தால் கல். பல்லுக்கு ஆகாது.

மூன்றாவதுதான் நின்றது. 100 கிராம் கேழ்வரகு மாவு, 100 கிராம் கோதுமை மாவு, ஒரு முட்டை, ஆவியில் வேக வைத்துத் துணியில் பிழிந்த மஞ்சள் பூசணி 80 கிராம், அவித்து மசித்த கோழி ஈரல் ஒரு தேக்கரண்டி. தண்ணீர் சேர்க்க வேண்டாம். உப்பு, சர்க்கரை, நெய், வெண்ணெய், ஏலக்காய், ஜாதிக்காய், சோடா, பேக்கிங் பவுடர் எதுவும் கிடையாது. சில பேக்கிங் பவுடரில் கிரீம் ஆஃப் டார்ட்டரே இருக்கும். பூசணியைப் பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது. பிழியாமல் போட்டால் மாவு கையை விடாது, அப்போது கை தன்னால் மாவைக் கூட்டிக்கொண்டே போகும், பிஸ்கட் கனத்துவிடும். சரியான பதம் வந்தால் உருண்டை உள்ளங்கையில் கோடு கோடாக ரேகையை எடுத்துக்கொள்ளும், ஆனால் ஒட்டாது. கால் மணி நேரம் ஈரத்துணி மூடி வைத்தால் கேழ்வரகு ஈரத்தை இழுத்துக்கொண்டு, விரிக்கும்போது விளிம்பு வெடிக்காது.

அரை சென்டிமீட்டர் கனத்துக்கு விரித்து, மிகச் சின்ன நட்சத்திர அச்சில் வெட்டினேன். ஒன்று 3 கிராம். சுமார் 110 வந்தது. 160 டிகிரியில் 25 நிமிடம். பிறகு திருப்பிப் போட்டு 120 டிகிரியில் இன்னும் அரை மணி. அணைத்துவிட்டு ஓவனுக்குள்ளேயே ஆற விட வேண்டும். ஆறியதும் உடைத்தால் அப்பளம் மாதிரி ‘டக்’ என்று முறிய வேண்டும். வளைந்து முறிந்தால் ஈரம் இருக்கிறது, மறுபடி உள்ளே போக வேண்டும். இப்படி உலர்ந்தது காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் நன்றாக இருந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர்.

ஓவன் இல்லாதவர்கள் பழைய குக்கரில் செய்யலாம். அடியில் இரண்டு விரல் உயரம் கல் உப்போ மணலோ பரப்பி, காஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கி, ஸ்டாண்டின் மேல் தட்டை வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம். உப்பு பிஸ்கட்டில் படாமல் இருக்கட்டும். ஓவனில் வருகிற மொறுமொறுப்பு வராது, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

“நாய்க்கு மாவுப் பண்டமா, அது கறி தின்கிற பிராணி அல்லவா” என்று சிலர் கேட்டார்கள். ஓநாயோடு ஒப்பிட்டால் நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் பல மடங்கு அதிகம். இதை 2013-இல் மரபணு ஆய்வில் கண்டார்கள். மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து பழகிய வயிறு அது. வேக வைத்த தானியம் ஆகும். அளவுதான் விஷயம்.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மிளகு மாதிரி 12 கிலோ, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 720 கலோரி போதும். பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 72. நான் செய்த மாவின் மொத்தக் கலோரி 750-ஐ ஒட்டி வரும். ஆக, ஒரு நட்சத்திரம் 7 கலோரிக்குள். நாளுக்குப் பத்து. அன்று இரவுச் சோற்றில் அதற்குத் தக்கபடி ஒரு பிடி குறைப்பேன்.

செய்முறையைவிட அடுக்களை ஒழுங்கில்தான் எனக்கு அதிகம் யோசனை ஓடியது. கேக் செய்கிற இடம் அது. நாய் பண்டத்தை நாளின் முதல் வேலையாக, திராட்சை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே செய்து முடிப்பேன். அவளுக்கென்று தனிக் கிண்ணம், தனிக் கட்டை. சர்க்கரை நோயாளிகளுக்குச் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பைப் போட்டுக் கேக் கேட்பவர்கள் உண்டு. அந்த ஆர்டரை இப்போது எடுப்பதே இல்லை. சைலிட்டால் நாய்க்கு இன்சுலினைத் தாறுமாறாகச் சுரக்க வைத்து, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். மிளகுக்கு 1.2 கிராம், ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அளவு கூடினால் ஈரலையும் கெடுக்கும். கடையில் வாங்கும் நிலக்கடலை வெண்ணெயிலும் சிலவற்றில் இது இருக்கிறது, லேபிளைப் படிக்காமல் நாய்க்குத் தரக் கூடாது. வீட்டிலேயே கடலையை வறுத்து அரைத்துக்கொள்வது மேல். அதிலும் சுருங்கினது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட வேண்டும்.

சாக்லேட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் எதில் எவ்வளவு என்பது தெரிவதில்லை. மில்க் சாக்லேட்டில் நஞ்சான தியோபுரோமின் கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம். கோகோ பவுடரில் அதைப்போல் பத்து மடங்கு. 12 கிலோ நாய்க்கு வாந்தியும் படபடப்பும் வர 12 கிராம் கோகோ பவுடர் போதும், சாதாரண மேசைக்கரண்டியில் இரண்டு. கேக் செய்யும் வீட்டில் தரையில் சிந்துவதே அவ்வளவு இருக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. கேழ்வரகு வெந்ததும் அச்சு அசலாகச் சாக்லேட் நிறம். தங்கை மகள் முதல் டப்பாவைப் பார்த்துவிட்டு, “பெரியம்மா... மிளகு சாக்லேட் பிஸ்கட் சாப்பிடுமா?” என்று கேட்டாள். எனக்குத் திக்கென்றது. நாய் தின்கிற பண்டம் சாக்லேட் மாதிரி இருந்தால், நாளை ஒரு பிள்ளை நிஜமான சாக்லேட்டை எடுத்து நீட்டும். அன்றே ஒரு விதி: இந்த வீட்டில் நட்சத்திரம் மிளகுக்கு மட்டும். மனிதர்களுக்கான எந்தப் பிஸ்கட்டும் நட்சத்திர வடிவில் வெட்டுவதில்லை. மற்றதெல்லாம் வட்டமும் பிறையும். பிள்ளைகளுக்கு நிறத்தைவிட வடிவம் சீக்கிரம் மனதில் பதிகிறது. பெரியவர்களுக்கும்தான்.

2024 டிசம்பர்

வாசல் பக்கம், குடிலுக்கு மேலே ஒரு சின்ன தகர டப்பா. தினமும் காலையில் பத்து நட்சத்திரத்தை இரண்டாக உடைத்து இருபது துண்டாகப் போடுவேன். வருகிறவர்கள் எடுத்துக் கொடுக்கலாம். காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான், நிரப்புவது கிடையாது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் பதினோரு மணிக்கே டப்பா காலி. பிள்ளைகள் வரிசையில் நின்று கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து காலையில் பாதி, மாலைக்குப் பாதி என்று டப்பாவை இரண்டு தடவையாக வைத்தேன். கேரல் குழு வந்த இரவில் முப்பது பேர், டப்பாவில் மீதி ஆறு துண்டு. சின்னப் பிள்ளைகள் ஆறு பேர் கொடுக்க, மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கையிலிருந்த கேக்கை நீட்டவில்லை. அன்று நான் கதவோரமாக நின்று ஒவ்வொரு கையையும் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு சறுக்கலும் இல்லாமல் போகவில்லை. 24 மாலை ஒரு பிள்ளையின் கையிலிருந்து கல்கல் இரண்டு விழுந்து, மிளகு முழுங்கிவிட்டாள். மைதாவும் சர்க்கரையும்தான், ஒன்றும் ஆகவில்லை. பிளம் கேக் ஓரங்கள் இப்போது கூடத்துக்கு வருவதில்லை. மூடி போட்ட டப்பாவில், மேல் அலமாரியில். “முந்திரி” என்று யார் சொன்னாலும் பருப்பா பழமா என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டில் மறுவேலை.

2025 ஜனவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.0. எடை 12.2 கிலோ.

பெரியப்பா 2024 டிசம்பர் 23-ஆம் தேதியே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவர் கேட்டது, “மக்கா, அதுக்க பண்டம் எங்க?” டப்பாவைக் காட்டினேன். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல முந்திரி இல்லியே?” என்றார். “ரெண்டு முந்திரியும் இல்ல பெரியப்பா” என்றேன். பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மிளகு அவர் காலடிக்குப் போய்ப் படுத்தாள். 26 அன்று ஊருக்குக் கிளம்பும்போது, அவர் தெருவில் இரண்டு பட்டி இருக்கிறது என்று சொல்லி, டப்பாவில் மிச்சமிருந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஃப்ரீசரில் இருந்த இன்னொரு பாதியையும் சேர்த்து ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அதை அவர் பையில் வைக்கவில்லை, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.